மூலமும் உரையும்: கராத்தே கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கல்யாண மண்டபத்து மாடிகளிலும், பள்ளி மைதானத்து வேப்ப மரத்தடியிலும், கடற்கரை மணலிலும், விடியற்காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, 'இச், நி, சான்' என்று எண்ணிக்கை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள் பலரில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருந்து வருகிறேன். உங்களில் சிலர் என்னோடு ஒரே கூடத்தில் பயின்றவர்கள். சிலர் என்னிடம் கற்று இன்று என்னைவிடத் திறம்படக் கற்பிக்கிறவர்கள். பெரும்பாலோர் டோர்னமென்ட் நாட்களில் நடுவர் மேஜையருகே நலம் விசாரித்துப் பிரிகிற அளவில் மட்டும் அறிமுகமானவர்கள். உங்கள் அனைவரையும் நேரில் கண்டு சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை, அதற்கான சந்தர்ப்பம் வாய்க்காமையால், இம்மடலின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறேன். இதில் யாரையேனும் குறை கூறுவதுபோல் ஓரிடம் தோன்றுமானால், அக்குறையில் முதற்பங்கு என்னுடையதே என்று கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மழை விட்டும் ஈரம் காயாத ஒரு திங்கட்கிழமை மாலை, எங்கள் வகுப்பில் பிரவுன் பெல்ட் வரை வந்திருந்த ஒரு பெண், மற்றவர்கள் எல்லாம் புறப்பட்டுப் போன பிறகும் செருப்பை மாட்டாமல் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தவள். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எதிராளியின்றித் தனியே செய்து காட்டும் அசைவு வரிசையான கட்டாவில் மாவட்ட அளவில் மெடல்கள் வாங்கியவள். அவள் கால் பதிகிற அழகைக் கண்டு, வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர் தங்கள் பிள்ளைகளையும் அன்றே சேர்த்துவிட்டுப் போனதுண்டு. முந்தின சனிக்கிழமை இரவு, பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் போகிற சந்தில், பின்னால் வந்த ஒருவன் அவளுடைய மேற்கையைப் பற்றிச் சுவரோடு சாய்த்திருக்கிறான். இவள் செயலற்று நின்ற நேரம் எவ்வளவு என்று இவளுக்கே தெரியவில்லை. தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியபோது அதன் வெளிச்சத்தில் அவன் பிடி தளர, துப்பட்டாவை அவன் கையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். காயம் ஏதுமில்லை.

"மாஸ்டர், அவன் பன்ச் பண்ணவே இல்லை. கையைப் பிடிச்சான். அவ்வளவு பக்கத்துல வந்து ஒருத்தர் பிடிச்சா என்ன பண்றதுன்னு நாம ஒரு தடவைகூடச் செஞ்சு பார்த்ததில்லையே மாஸ்டர்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. பாடத்தில் விளங்காத ஓரிடத்தைக் கேட்கிற மாதிரியே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி, அணைத்த விளக்கைப் போடாமல் கூடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்து ஆண்டுகளில் அவளுக்கு நான் கற்பித்தது எதுவென்று அப்போது எண்ணிப் பார்த்தேன். இருவர் ஆறடி தள்ளி எதிரெதிரே நிற்கிறார்கள். தாக்குகிறவன் இன்ன இடத்தில் குத்தப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, நீண்ட ஓர் அடி எடுத்து வைத்து முஷ்டியை நீட்டுகிறான். நீட்டிய கை நீட்டியபடியே கொடிக்கயிறு போல அந்தரத்தில் நிற்கிறது. மற்றவன் பின்வாங்கி ஒரு பிளாக் போட்டு, தன் சௌகரியம்போல் ஒரு குத்து விட்டு, உரக்கக் கூவி முடிக்கிறான். நம் எல்லாருடைய கூடங்களிலும் நடப்பது இதுதான். தூரத்தையும் காலத்தையும் கணிக்கக் கற்றுக்கொள்ளும் ஆரம்ப அப்யாசம் என்ற அளவில் இதற்குப் பயன் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தெருவில் எவனும் ஆறடி தள்ளி நின்று வணக்கம் சொல்லிவிட்டுத் தாக்குவதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்குகிறான், சட்டையைப் பற்றுகிறான், தலைமுடியைப் பிடிக்கிறான், தோளைத் தள்ளுகிறான், மற்றொரு கையால் வளைத்து அறைகிறான். அந்த நெருக்கத்தில் என்ன செய்வதென்பதை நாம் சொல்லிக் கொடுக்காமலே, இது தற்காப்புக் கலை என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், பழைமை என்று நாம் போற்றி வருவதில் பெரும்பகுதி நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு உட்பட்டது என்பது எனக்குத் தெளிவாயிற்று. ர்யூக்யூ அரசு 1879இல் ஜப்பானோடு இணைக்கப்பட்டு ஒகினாவா என்ற மாகாணமாக்கப்படுவதற்கு முன்பும், அதற்குப் பின் சில காலமும், சுரி, நாஹா, தோமரி ஆகிய ஊர்களில் இந்த வித்தை ஓர் ஆசானுக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கில், வீட்டு முற்றங்களிலும் ஊருக்குப் புறம்பான இடங்களிலும், பெரும்பாலும் இரவு வேளைகளில் கற்பிக்கப்பட்டு வந்தது. இதொசு அன்கோ என்ற முதியவர் 1901இல் சுரியின் ஆரம்பப் பள்ளி ஒன்றில் இதனைத் தேகப்பயிற்சியாக நுழைத்தார். ஒரே சமயத்தில் வரிசை வரிசையாகப் பல பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தக்கவாறு பினான் என்ற ஐந்து கட்டாக்களை அவர் அமைத்தார். எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லாரும் ஒன்றாய் அசைகிற முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. சிறுவர்களுக்குக் கழுத்தை நெரிப்பதையும் மூட்டை முறிப்பதையும் விளக்கிச் சொல்ல எந்த நல்லாசிரியரும் துணியமாட்டார். ஆகவே அசைவு மட்டும் பள்ளிக்குப் போயிற்று, அதன் பொருள் ஆசானுடைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவ்வாறு செய்த இதொசுவே 1908இல் கல்வி அதிகாரிகளுக்கென எழுதிய பத்துக் கட்டளைகள் அடங்கிய கடிதத்தில், தாம் செய்தது இன்னதென்று அறிந்தே எழுதுகிறார். இக்கலை இருவர் ஒப்புக்கொண்டு நடத்தும் பந்தயத்துக்கு உரியதன்று, தீயவன் ஒருவன் எதிர்ப்பட்டால் கைகால்களைக் கொண்டு காயமின்றித் தப்புவதற்கு உரியது என்பது அதன் முதற்பகுதியிலேயே வரும் கருத்து. ஓர் அசைவு தேக ஆரோக்கியத்துக்காகவா, காரியத்துக்காகவா என்பதைப் பயில்கிறவன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். வாய்மொழியாக வந்த பொருள்கள் பல உண்டு, பற்றிப் பிடிக்கும் முறைகளின் நியாயத்தை மனத்திற்கொண்டு அவற்றை ஆராய்ந்து அறிய வேண்டும் என்றும் சொல்கிறார். பற்றிப் பிடித்தல் என்ற சொல்லை வாசித்தவுடன் அந்தச் சந்தும் சுவரும் என் நினைவுக்கு வந்தன. நாம் யாரைப் பிதாமகர் என்று சொல்லி மாலை போடுகிறோமோ அவரே நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அவர் படத்தை மாட்டினேனே தவிர, கடிதத்தைப் படிக்கவில்லை.

அவருடைய மாணாக்கரான ஃபுனகோஷி கிச்சின், பள்ளி ஆசிரியர், 1922இல் டோக்கியோ சென்று செயல்முறை விளக்கம் காட்டி அங்கேயே தங்கிவிட்டார். சர்வகலாசாலை மாணவர்கள் திரள் திரளாக வந்து சேர்ந்தனர்; பினான் அவர் வகுப்பில் ஹெய்யன் ஆயிற்று; போர்க்காலத்து ஜப்பானின் அணிவகுப்பு மனோபாவம் பயிற்சிக் கூடத்துக்குள்ளும் புகுந்தது. 1945இல் ஒகினாவாவில் நடந்த மூன்று மாதப் போர் அத்தீவின் மக்களையும் மனைகளையும் அழித்தபோது, அசைவுகளின் பொருள் சொல்லத் தெரிந்த பலரும் மாண்டனர். கோஜு மரபை நிறுவிய மியாகி சோஜுன், தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று எண்ணியிருந்த மாணாக்கரை அந்தப் போரில் இழந்தார். கியான் சோதொகு என்ற பெரியவர் போரில் பிழைத்தும் அவ்வாண்டே பட்டினியால் இறந்தார். 1957இல் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது புள்ளிகளுக்காக ஆடும் ஆட்டமும் வேரூன்றிவிட்டது. நம் நாட்டுக்கு எழுபதுகளில் வந்து சேர்ந்தது இவ்வளவு தூரம் பயணம் செய்து, வழியில் இவ்வளவையும் உதிர்த்துவிட்டு வந்த கராத்தே. நம் ஆசிரியர்கள் தங்களுக்குக் கிடைத்ததை அப்பழுக்கின்றி நமக்குத் தந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இந்நிலையை விளக்க ஓர் உவமை போதும். தொல்காப்பிய நூற்பா ஒன்றை ஒரு பிள்ளை பிழையற, இசையோடு, மூச்சு விடாமல் ஒப்பிக்கலாம். இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரை கிடைத்திராவிட்டால் அந்த ஒப்பித்தலால் அவனுக்கு என்ன விளங்கியிருக்கும்? கட்டா நூற்பாவைப் போன்றது. கையெழுத்துப் பிரதியாக, உடம்பின்மேல் எழுதப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதி வந்த மூலம் அது. அதன் உரைதான் தொலைந்தது. ஜப்பானியர் அந்த உரையைப் 'புன்காய்' என்று வழங்குகிறார்கள். கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பதென்று பொருள். பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பதையும் நம் மொழி உரைத்தல் என்றே சொல்கிறது. இரண்டு பொருளும் இங்கே எனக்கு வேண்டியிருக்கிறது: வாயால் சொன்ன உரையை மற்றொருவர் உடம்பில் உரைத்துப் பார்த்தாக வேண்டும்.

அப்படி உரைத்துப் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் முதல் நாளிலிருந்து சொல்லிக் கொடுக்கிற ஹெய்யன் ஷோதன் என்ற கட்டாவில், வலப்புறம் திரும்பிக் கீழ்த்தடுப்புப் போட்ட பிறகு, முன்காலைப் பின்னுக்கு இழுத்து, அதே வலக்கையை வயிற்றோரமாக வளைத்து மேலேற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் சுத்தியலைப் போல இறக்குகிறோம் அல்லவா? மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொண்டு அடிப்பது என்று அதற்கு நம் ஆசிரியர்கள் எல்லாரும் பொருள் சொன்னார்கள். நாமும் அவ்வாறே சொல்கிறோம். ஆனால் அதைப் பிடிக்க விட்டுச் செய்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற என் மாணாக்கர் ஒருவரை அழைத்து, "விட்டுக் கொடுக்காம பிடிங்க" என்றேன். தயங்கினார், பிறகு பிடித்தார். என் கை வரவில்லை. மறுபடியும் முயன்றேன், வரவில்லை. ஐந்தாம் முறை தோள் வலித்தது. அவர் விரல்களின் வெண்மை என் தோலில் பதிந்து சிவந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான், கட்டாவில் கை மேலேறுவதற்கு முன்னால் கால் பின்னுக்கு வருகிறது என்பது புத்தியில் உறைத்தது. நான் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். கட்டாவோ உடம்பின் பாரம் முழுவதையும் பின்னுக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. காலை இழுத்துக்கொண்டே, அவருடைய கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற வாய்வழியாகக் கையை வளைத்தேன். பிடி அவிழ்ந்தது. அதுமட்டுமா? விடாமல் பற்றியிருந்த காரணத்தாலேயே அவர் ஓரடி முன்னே தள்ளாடி வந்தார். என் முஷ்டி இறங்குகிற இடத்தில் அவர் கழுத்து இருந்தது. இருபத்தோராயிரம் முறையாவது நான் செய்திருக்கக்கூடிய அசைவு அது. அன்றுதான் அதன் பொருளை என் கை அறிந்தது.

அந்த ஓரிடத்தில் மட்டும் எதிரி நம் கையைப் பற்றியிருக்கிறான் என்று ஒப்புக்கொள்கிற நாம், அதற்கு முந்தின அசைவிலும் பிந்தின அசைவிலும் அவன் ஆறடிக்கு அப்பால் நிற்பதாக ஏன் பாவிக்க வேண்டும்? இக்கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற அசைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வாய் திறக்கின்றன. குத்தும்போது மறுகையை இடுப்புக்கு இழுக்கிறோம், 'ஹிகிதே' என்கிறோம், எதிர்விசைக்காக என்று விளக்கம் சொல்கிறோம். அந்தக் கையில் எதிரியின் சட்டைக் கையைக் கொடுத்துப் பாருங்கள். இழுத்த மாத்திரத்தில் அவன் நிலை குலைந்து, அவன் முகம் நம் குத்தை நோக்கித் தானே வருகிறது. தடுப்பு என்று நாம் பெயர்த்து வழங்குகிற 'உகே' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு ஏற்றல், வாங்கிக்கொள்ளுதல் என்பதே நேர்ப்பொருள். வருகிற கையை ஒரு கை வாங்குகிறது, மறுகை அதன்மேல் காரியம் செய்கிறது. கீழ்த்தடுப்புக்கு ஆயத்தமாக ஒரு கையை முன்னே நீட்டி மறுகையைக் காதோரம் கொண்டுபோகிறோமே, அதற்குக் காரணம் கேட்கிற பிள்ளைக்கு 'அதுதான் முறை' என்று இதுவரை நான் சொல்லி வந்த பதிலை இனிச் சொல்ல மாட்டேன். பற்றிய மணிக்கட்டை ஒரு கை இடுப்புக்கு இழுக்க, காதோரத்திலிருந்து இறங்கும் முன்கை எதிரியின் முழங்கை மூட்டின்மேல் அழுந்தும்போது அவன் தலை கவிழ்வதை அப்பிள்ளைக்குச் செய்து காட்டுவேன்.

நைஹாஞ்சியைப் பற்றி ஒரு தனிக்கடிதமே எழுதலாம். பக்கவாட்டில் மட்டும் நகர்கிற, ஒரு பாய் அளவு இடத்தில் முடிந்துவிடுகிற, பார்ப்பவர்க்குக் கவர்ச்சியற்ற அந்தக் கட்டாவில், ஒரு கையைப் பக்கத்தில் விரித்து நீட்டி, பின் மறுகையின் முழங்கையால் நம் உள்ளங்கையிலேயே அடித்துக்கொள்கிறோம். தன் கையைத் தானே அடித்துக்கொள்ள யாராவது கட்டா அமைப்பார்களா? நீட்டிய கை எதிரியின் பின்கழுத்தை வளைத்து இழுக்கிறது. அந்த உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில் இருக்க வேண்டியது அவன் தலை. தனியே பயில்கிறபோது தலை இல்லாததால் கை கையைத் தொடுகிறது. ஃபுனகோஷி தம் இளமையில் இந்த நைஹாஞ்சி வரிசை மூன்றையும் பயில ஏறத்தாழப் பத்தாண்டு செலவிட்டதாக எழுதியிருக்கிறார். அவர் 1925இலும் 1935இலும் வெளியிட்ட நூல்களில், எதிரியைப் பற்றித் தரையில் வீழ்த்துகிற முறைகள் படங்களோடு இருக்கின்றன. அப்பக்கங்களை நம் வகுப்புகள் புரட்டாமலே விட்டுவிட்டன.

மொதொபு சோகி என்ற பெயரை இளைய ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். 1870இல் சுரியில் பிறந்தவர். ஐம்பது வயது கடந்த பிறகு கியோட்டோவில் வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரர் ஒருவரை மேடையேறி வீழ்த்தினார்; அச்செய்தி 1925இல் 'கிங்' என்ற ஜப்பானியப் பத்திரிகையில் வந்து நாடெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் இருவர் சேர்ந்து பயிலும் பன்னிரண்டு முறைகள் நிழற்படங்களோடு உள்ளன. அப்படங்களில் இருவருக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை. கைகள் பின்னியிருக்கின்றன, கால் காலை அடைத்து நிற்கிறது. இரு கைகளும் கணவன் மனைவிபோல எப்போதும் சேர்ந்தே காரியம் செய்ய வேண்டும் என்பதை 'மெஒதோ தே' என்ற சொல்லால் அவர் வழியினர் குறிப்பிடுகிறார்கள். ஒரு கை இடுப்பில் சும்மா ஓய்ந்திருக்கும் காட்சி அங்கே இல்லை.

நாஹா மரபில் வந்தவர்களுக்கு இன்னும் பிரத்தியட்சமான சான்று அவர்கள் கூடத்திலேயே கிடக்கிறது. வாய் விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கி நடக்கிற ஜாடி, மரப்பிடியில் கல் பொருத்திய சீ-இஷி முதலிய கருவிகள் எதற்கு? குத்துவதும் உதைப்பதும் மட்டுமே கராத்தே என்றால், விரற்பிடியை இவ்வளவு பிரயாசைப்பட்டு வளர்க்க வேண்டிய அவசியம் யாது? மியாகியின் வழியில் இருவர் முன்கைகளை ஒட்டி வைத்துத் தள்ளியும் இழுத்தும் பயில்கிற 'காகியே' என்ற அப்யாசம் இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பிரிவு எதுவாயினும் அதை வாங்கி உங்கள் வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் போதும். கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். தோலின் வழியாகவே மற்றவருடைய எண்ணம் தெரியத் தொடங்குகிறது.

கட்டாவில் நாலாபுறமும் திரும்புகிறோமே, அது நாலு பேரோடு சண்டையிடுவதாகாதா என்று கேட்பீர்கள். மாபுனி கென்வா என்ற ஆசான் 1938இல் வெளியான நூலிலேயே இதைத் தவறான கருத்தென்று மறுத்திருக்கிறார். எதிரி ஒருவனே, அவனுக்கு நேராக நிற்காமல் எந்தக் கோணத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதையே திரும்பும் திசை காட்டுகிறது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்த என் மாணாக்கர்களுக்கு இதைச் சொன்ன நாள் முதல், அவர்களுடைய கால் வைப்பே மாறிவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். உரை எழுதுகிறவனுக்கு மூலத்தில் இல்லாததைப் புகுத்துகிற ஆசை வரும். அணிக்கட்டாப் போட்டிகளின் இறுதிச் சுற்றில் காட்டப்படும் விளக்கங்களில் பறந்து வந்து கால்களால் எதிரியைக் கவ்வி வீழ்த்துவதைக் காண்கிறோம்; காட்சிக்கு அது அழகு, சந்தில் அதற்கு இடமில்லை. வேறு சிலர், இன்ன இடத்தில் விரலை வைத்தால் எதிரி மூர்ச்சையாவான் என்று இரகசியம் பேசுகிறார்கள். ஓர் உரை சரியா என்றறிய நான் கைக்கொள்ளும் பரீட்சை எளியது. தாக்குதல் மனிதர்கள் வழக்கமாகச் செய்கிற ஒன்றாக இருக்க வேண்டும். என்னைவிடப் பலசாலி விடாப்பிடியாகச் செய்யும்போதும் அது பலிக்க வேண்டும். பயந்து, கை நடுங்கி, பாதி தவறாகச் செய்தாலும் ஓரளவாவது உதவ வேண்டும். இவற்றில் தேறாத விளக்கத்தை, யார் சொன்னதாயினும், நானே கண்டுபிடித்ததாயினும், ஒதுக்கிவிடுகிறேன். இவ்வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் இயன் அபர்னெத்தி பல ஆண்டுகளாகக் கட்டாவின் காரியப் பயனைக் கற்பித்தும் எழுதியும் வருகிறார். பாட்ரிக் மெக்கார்த்தி, மனிதர் மனிதரைத் தாக்குகிற வழக்கமான விதங்களைத் தொகுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு விடையாகக் கட்டாக்களைப் படித்தார்.

கட்டாவின் ஓர் அசைவைக்கூட மாற்றுமாறு நான் யாரையும் கேட்கவில்லை. மாற்றிவிட்டால் நாளை நம்மினும் நல்ல உரையாசிரியன் ஒருவன் வரும்போது அவனுக்கு மூலமே இராது. போட்டியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒகினாவாவின் கியூனா ரியோ ஆடவர் கட்டாவில் தங்கம் வென்றபோது, அந்தத் தீவுக்காக என் கண்ணும் பனித்தது. பாரிஸில் கராத்தே இடம்பெறாமற்போனதும் வருத்தமே. விளையாட்டு விளையாட்டாக வாழட்டும். ஆனால் மூன்று புள்ளிக்காகத் தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிக் கூவுகிற பழக்கமே தெருவிலும் காக்கும் என்று ஒரு பெண்ணையும் அவள் தாயையும் நம்ப வைப்பது பொய். அந்தப் பொய்யை நான் பத்தாண்டு சொன்னேன்.

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டத்தில் உங்களில் பலர் பணியாற்றுகிறீர்கள். அந்தப் பிள்ளைகளை மறுபடியும் நாம் சந்திக்கப் போவதில்லை. அந்தச் சொற்ப நாட்களில் பாதியை வரிசையில் நின்று காற்றில் குத்துவதற்கும், மீதியை நிறைவு விழா அணிவகுப்புக்கும் செலவழிப்பதைக் காணும்போது மனம் பதறுகிறது. அவர்களுக்கு வேண்டியது நாலே நாலு காரியம்தான்: பிடித்த கையை விடுவிப்பது, தலையைக் காத்துக்கொள்வது, முழங்கையாலும் உள்ளங்கை அடியாலும் பலமாக அடிப்பது, ஓடுவது. இவற்றுக்கு முன்னால் குரல். "விடு!" என்று வயிற்றிலிருந்து கத்துவதற்கு நம் பெண் குழந்தைகளுக்குக் கூச்சமாக இருக்கிறது, கியாய் என்று நாம் கத்தச் சொன்னால் கத்துகிறார்கள், தமிழில் கத்தச் சொன்னால் சிரித்துத் தலை குனிகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்கே ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும். தெரிந்த மனிதர், உறவினர், ஆசிரியர் கை வைத்தாலும் கத்தலாம், யாரிடம் போய்ச் சொல்லலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

சட்டத்தையும் கற்பியுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை இல்லை. பிடி விட்ட பிறகும் நின்று அடிக்கிறவன் அந்த எல்லையைத் தாண்டுகிறான். கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்று ஃபுனகோஷி வகுத்த கட்டளையைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதோடு, விலகிப் போக வழி இருக்கையில் விலகிப் போவதையும் ஒரு பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். நான் வகுப்பில் ஒருவரை வசை பேசி நெருங்கச் சொல்லி, மற்றவரைக் கைகளை உயர்த்திச் சாந்தமாகப் பேசிக்கொண்டே வாசலை நோக்கி நகரச் சொல்கிறேன். மெடல் வாங்கிய பையன்களுக்குத்தான் அது மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் பலத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முதல் மாதம் மெல்லப் பிடிப்பது, அடுத்து இழுப்பது, பிறகு இழுத்துத் தள்ளுவது. கழுத்தும் முழங்கை மூட்டும் பெரியவர்களுக்கு மட்டும். அடிப்பதெல்லாம் பேடில்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பீர்கள். நேரம் கட்டாக்களின் எண்ணிக்கையில் ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டாவுக்கு மூன்றாண்டு என்பது அந்நாளைய வழக்கம். நாமோ மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் வைத்து, பெல்ட்டுக்கு ஒன்றாகக் கட்டாவை ஏற்றிக்கொண்டே போகிறோம். நான் கருப்புப் பட்டைக்கு முன் கேட்கிற கட்டாக்களைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். கிரேடிங்கில் கட்டாவைச் செய்து காட்டிய பிறகு, அதில் நான் சுட்டுகிற எந்த மூன்று இடத்தையும் விட்டுக் கொடுக்காத ஒருவர்மேல் செய்து காட்ட வேண்டும் என்று விதி வைத்தேன். முதல் ஆண்டில் சில பெற்றோர் கோபித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு வாடகை கொடுக்கச் சிரமப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு பெரியவர்கள் வரத் தொடங்கினார்கள்: நர்சுகள், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்கள், ஐம்பது வயது கண்டக்டர் ஒருவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு எங்கள் கூடம் ஆசிரியர்களுக்கென்றே திறந்திருக்கிறது. ஷோதோகான், கோஜு, ஷிதோ, வாதோ என்ற பிரிவுப் பேதம் இல்லை, கட்டணம் இல்லை, பெல்ட் கட்ட வேண்டாம். தெருவில் போகிற உடையில், செருப்போடு வாருங்கள். புடவையில் வந்தாலும் நல்லது, அதிலும் செய்து பார்த்தாக வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டாவை மட்டும் கொண்டு வாருங்கள். அன்று கதவருகே நின்று கேட்ட பெண்தான் இப்போது அந்த வகுப்பை நடத்துகிறாள். பெயரும் ஊரும் விசாரித்தபின், சுவரோரமாக நிற்கச் சொல்லி உங்கள் மேற்கையைப் பற்றுவாள். நன்றாகவே பற்றுவாள்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்